ரெபையோட்டாவா, வௌஸ்ட்டா: திரும்பத் திரும்ப வரும் சி. டிஃபிசிலுக்கு எது?

சி. டிஃபிசில் என்பது கடும் வயிற்றுப்போக்கு தரும் குடல் பாக்டீரியா. ரெபையோட்டா, வௌஸ்ட் என்ற இரண்டு மருந்துகளும் கொடையாளர் மலத்திலிருந்து எடுத்த நல்ல பாக்டீரியாக்கள்தான். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ரெபையோட்டாவுக்கு 2022 நவம்பரிலும் வௌஸ்ட்டுக்கு 2023 ஏப்ரலிலும் ஒப்புதல் தந்தது. 18 வயது நிரம்பியோருக்கு மட்டும். இவை நடப்பு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்துகள் அல்ல. வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்கை முடித்த பிறகு, நோய் மறுபடி வராமல் தடுப்பவை.

ரெபையோட்டா 150 மில்லி திரவம். ஆன்டிபயாடிக் முடிந்த 24 முதல் 72 மணி நேரத்துக்குள், ஆசனவாய் வழியாக ஒரே தடவை செவிலியர் செலுத்துவார். முன்கூட்டியே குடலைக் கழுவப் பேதி மருந்து வேண்டாம். வயிறு பிடிக்காமலிருக்க 15 நிமிடம் வரை அப்படியே படுத்திருக்கலாம். சிக்கல் சேமிப்பில்தான்: நெடுநாள் வைக்க மைனஸ் 60 டிகிரிக்குக் கீழான உறைபெட்டி தேவை. ஃப்ரிட்ஜில் வைத்து உருக ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அவசரப்பட்டு வெந்நீரில் வைத்தால் பாக்டீரியா செத்துவிடும்.

வௌஸ்ட் மாத்திரைக்கூடு. எத்தனாலால் பதப்படுத்தியதால் வித்துகளே, அதாவது பாக்டீரியாவின் உறங்கும் கடின வடிவமே, மிஞ்சும். அதனால் சாதாரண அறையிலேயே வைக்கலாம். ஆன்டிபயாடிக் முடிந்து 2 முதல் 4 நாளில் தொடங்கி, தினம் 4 வீதம் 3 நாள், காலையில் வெறும் வயிற்றில். முந்தின நாள் 296 மில்லி மெக்னீசியம் சிட்ரேட் குடித்துக் குடலைக் கழுவ வேண்டும். எஞ்சிய ஆன்டிபயாடிக் இந்த வித்துகளையே தாக்கும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் மாற்று பேதி மருந்தை மருத்துவரிடம் கேட்டுப் பெறட்டும்.

ஆய்வில் வௌஸ்ட் எடுத்தவர்களில் 8 வாரத்தில் நோய் திரும்பியது சுமார் 12 சதவீதம். போலி மருந்தில் 40. விழுங்க முடிந்தவருக்கு நான் வௌஸ்ட்டையே சொல்வேன். விழுங்கச் சிரமப்படும் முதியவருக்கு ரெபையோட்டா.