ஊசி போடும்போது: விஆர் கண்ணாடியா, அம்மா மடியா?

புதன்கிழமை காலை சென்னையின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைந்தாலும் அழுகைச் சத்தம்தான். 5 வயது டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி தடுப்பு) ஊசிக்கு வரும் பிள்ளைக்கு விவரம் தெரியும். சிரிஞ்சைக் கண்டதுமே கையை இழுத்துக்கொள்ளும். கண்ணை மூடி வேறொரு உலகத்தைத் திரையில் காட்டும் விஆர் கண்ணாடியை மாட்டினால் அந்தச் சிரிஞ்சே கண்ணில் படாது. கடலுக்கடியில் மீன்களை எண்ணிக்கொண்டிருக்கும் மூளைக்கு வலியைக் கவனிக்க நேரம் குறைவு. சரி, ஆனால் விலை? ஒவ்வொரு பிள்ளைக்கும் துடைத்து மாட்ட வேண்டும், சிலருக்குத் தலைசுற்றும். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே தன் குவெஸ்ட் விஆர் கண்ணாடி 10 வயதிலிருந்துதான் என்கிறது.

கைக்குழந்தைக்கு அதெல்லாம் எதற்கு? தாய்ப்பால் கொடுத்தபடியே ஊசி போடலாம், மடியில் நிமிர்த்தி உட்காரவைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. காலணா செலவில்லை. என் ஓட்டு மடிக்குத்தான். 10 வயது டிடி (தொண்டை அடைப்பான், ரணஜன்னி தடுப்பு) ஊசிக்குப் பயந்து ஓடுகிற பிள்ளைக்கு வேண்டுமானால் கண்ணாடி.