பெரிய எஸ்யூவியில் பெட்ரோல் பம்ப் மாற்றிய அனுபவம்: பிரஷர் கேஜ் போடாமல் பாகம் வாங்காதீர்கள்

"பெட்ரோல் பம்ப் போயிருச்சு, மாத்தணும்" என்று யார் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: கேஜ் போட்டு பிரஷர் பார்த்தீர்களா? பார்க்காமல் சொன்னால் அது வெறும் ஊகம். ஊகம் சில சமயம் சரியாகவும் இருக்கும். ஆனால் பெரிய வண்டியில் ஒவ்வொரு தப்பான ஊகத்துக்கும் ஆயிரக்கணக்கில் பில் வரும்.

எங்களுடையது ஏழு சீட் பெட்ரோல் எஸ்யூவி. காங்கேயம் பக்கம் தோட்டத்தில் நிற்கும். திருப்பூர், கோவை என்று வேலையாகப் போய் வரும், விசேஷம் என்றால் குடும்பம் மொத்தமும் ஏறிக்கொள்ளும். எங்கள் பக்கம் இந்த அளவு வண்டி என்றால் பெரும்பாலும் டீசல்தான் எடுப்பார்கள். சத்தமில்லாத எஞ்சின் வேண்டும் என்றுதான் பெட்ரோலுக்குப் போனோம். லட்சம் கிலோமீட்டர் தாண்டும்வரை ஆயில், ஃபில்டர், பிரேக் பேட், டயர் தவிர சொல்லும்படியான செலவே வைக்கவில்லை. அந்த வகையில் இன்றைக்கும் வண்டி மேல் எனக்குக் குறையில்லை.

தொல்லை தெரிய ஆரம்பித்தது திம்பம் மலையில். பண்ணாரி தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவு. சத்தியமங்கலம் வரை ஒரு குறையும் இல்லாமல் வந்த வண்டி, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் இழுக்காமல் திக்கியது. காலைத் தளர்த்தி மெதுவாக மிதித்தால் ஏறியது. ஐடிலிங்கில் துளி நடுக்கம் இல்லை. இந்த வித்தியாசத்தை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் பெட்ரோல் மிகக் கொஞ்சம், தேய்ந்த பம்ப்பே அதைக் கொடுத்துவிடும். ஏழு பேரோடு மலை ஏறும்போது கேட்கிற அளவைத்தான் அதனால் கொடுக்க முடியாது.

அப்புறம் வெயில் காலத்தில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. நீண்ட தூரம் ஓடி சூடாக இருக்கும்போது நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. அரை மணி நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி பிடித்துக்கொள்ளும். செக் எஞ்சின் விளக்கும் எரிய ஆரம்பித்தது. கொண்டுபோய்க் காட்டிய சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரில் மிஸ்ஃபயர் கோடு (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்ற பிழை எண்) வருகிறது என்று பிளக்கையும் இக்னிஷன் காயில்களையும் மொத்தமாக மாற்றினார்கள். பில் வந்தது, கோளாறு அப்படியே இருந்தது. ஸ்கேனரில் வரும் கோடு எந்தப் பாகத்தை மாற்று என்று சொல்வதில்லை, எந்தத் திசையில் தேடு என்றுதான் சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தேடாமல் விட்டது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.

கடைசியில் வண்டி போனது பெருந்துறையில் ஒரு பட்டறைக்கு. அங்கிருக்கும் அண்ணன் முதல் காரியமாக ஸ்பேனரை எடுக்கவில்லை. "ஏனுங்க தம்பி, உங்க போர்ல தண்ணி வரலீன்னா எடுத்த உடனே மோட்டரைத் தூக்குவீங்களா? கரண்டு வருதா, ஸ்டார்ட்டர்ல எத்தனை ஆம்ப்ஸ் இழுக்குதுன்னு பார்க்க மாட்டீங்களா?" என்று கேட்டார். ஆயிரம் அடி போர்வெல்லில் மோட்டார் இறக்கி வைத்திருக்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டேங்குக்குள் இருப்பதும் ஒரு சப்மெர்சிபிள் மோட்டார்தான். அது பெட்ரோலில் முழுகி நிற்கிறது, பெட்ரோலே அதைக் குளிர வைக்கிறது, உராயாமல் காக்கிறது. தண்ணீர் மட்டம் இறங்கி டிரை ரன் ஆனால் மோட்டார் சூடேறுவது போல, டேங்க் எப்போதும் ரிசர்வில் ஓடினால் இதுவும் சூடேறும்.

அவர் பார்த்த வரிசையை அப்படியே சொல்கிறேன். முதலில் ஸ்கேனர். மிஸ்ஃபயருக்கான பி0300 கோடோடு பி0171-உம் இருந்தது. பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்று பொருள். சர்வீஸ் சென்டர் பில்லில் முதல் கோடு மட்டும்தான் இருந்தது. பிறகு வண்டியை ஓட்டிக்கொண்டே ஃப்யூவல் டிரிம் பார்த்தார். குறைகிற பெட்ரோலை ஈடுகட்ட ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) தானாகக் கூட்டிக் கொடுக்கும் சதவீதம் அது. ஐடிலிங்கில் பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, பெருமாநல்லூர் பக்கம் பைபாஸில் அழுத்தி ஓட்டும்போது 20-ஐத் தாண்டியது. எஞ்சினின் உறிஞ்சு காற்றுப் பக்கம் இருக்கும் வேக்கம் ஹோஸில் ஓட்டை இருந்தால் இது தலைகீழாக இருக்கும்: ஐடிலிங்கில் மோசமாகவும், வேகத்தில் சரியாகவும் காட்டும். காற்றை அளக்கும் மாஃப் சென்சார் அழுக்கானாலும் வேகத்தில் கூடும் என்பதால் அதையும் கழற்றிப் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்து சாவியை ஆன் செய்து, பின் சீட் அடியில் காது வைத்துக் கேட்டார். ஸ்டார்ட் செய்யும் முன்பே பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி லைனை நிரப்பும், "ம்ம்ம்" என்று சத்தம் வரும். எங்களுக்கு வந்தது. பலரும் இந்த இடத்தில் பம்ப் நல்லாயிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சத்தம் வருவதால் மோட்டார் சுற்றுகிறது என்பது மட்டும்தான் உறுதி. பிரஷர் வருகிறதா என்பது வேறு கேள்வி. சத்தமே வராவிட்டால் ஃப்யூஸ் பாருங்கள், பம்ப் ரிலேயைக் கழற்றி அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். ஹார்ன் ரிலே பல வண்டிகளில் பொருந்தும். செலவில்லாத சோதனை.

பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்தபோது எஞ்சின் ஓட 13 வோல்ட்டுக்கு மேல் வந்தது. எர்த் பக்கம் தனியாகப் பார்த்தார், இழப்பு கிட்டத்தட்ட இல்லை. இதைத் தவறவிடக் கூடாது. எர்த் ஒயர் துருப்பிடித்துப் பாதி வோல்ட்டேஜ் மட்டும் போனால் நல்ல பம்ப்பும் நோஞ்சானாகத்தான் ஓடும், புதுசு மாட்டினாலும் அதே கதைதான். சில வண்டிகளில் பம்ப்பின் வேகத்தைத் தனிக் கன்ட்ரோலர் கூட்டிக் குறைக்கும். அங்கே சாதா மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது.

கடைசியாகத்தான் கேஜ். பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர்களின் ரெயிலுக்குப் (பொதுக் குழாய்க்கு) போகும் ஹோஸில் ஒரு டி-இணைப்பு போட்டு மாட்டினார். சாதாரண போர்ட் இஞ்செக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் 3 முதல் 4 பார் இருக்கும், உங்கள் வண்டிக்குச் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எங்களுக்கு ஐடிலிங்கில் 3 பார் நின்றது. லோடு கொடுத்தவுடன் முள் 2-க்குக் கீழே சரிந்தது. எஞ்சினை அணைத்ததும் நிற்க வேண்டிய பிரஷர் மளமளவென்று இறங்கியது. அப்படி இறங்கினால் பம்ப்பில் உள்ள, பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் செக் வால்வு பிடிக்கவில்லை, அல்லது இஞ்செக்டர் ஒழுகுகிறது. இஞ்செக்டர்கள் ஒழுகவில்லை என்று பார்த்த பிறகுதான் "இப்பச் சொல்றேனுங்க, பம்ப்புதான்" என்றார்.

மோட்டாரை மட்டும் மாற்றலாமா, அது உட்கார்ந்திருக்கும் முழு மாட்யூலையுமா? மோட்டார் மட்டும் என்றால் செலவு மிகக் குறைவு, முழு மாட்யூல் எங்களுக்கு 20,000 ரூபாயை ஒட்டி வந்தது. நாங்கள் மாட்யூலையே எடுத்தோம். எங்கள் வண்டியில் பிரஷரை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர், ஃபில்டர், பெட்ரோல் மட்டம் காட்டும் மிதவை எல்லாம் அதோடு சேர்ந்தே வருகின்றன, லட்சம் கிலோமீட்டர் ஓடிய ரெகுலேட்டரோடு புது மோட்டாரைச் சேர்க்க மனம் வரவில்லை. மோட்டார் மட்டும் போடுகிறவர்கள் உள்ளே இருக்கும் சின்ன ஹோஸைக் கவனியுங்கள். பெட்ரோலில் முழுகியே இருக்கத் தகுந்த ஹோஸ் தனி. சாதா ஹோஸ் போட்டால் வெளிப்பக்கமும் ஊறிக் கெட்டுப் பிளந்துவிடும். பாகத்தை சேசிஸ் எண் கொடுத்து எடுங்கள். இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி இப்போது எங்கும் அதுதான் கிடைக்கிறது என்பதால், அதைத் தாங்கும் பாகமா என்றும் கேட்டு வாங்கினோம்.

மாற்றும் வேலையில் பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், பள்ளத்தில் தேங்கும். அதனால் வண்டியைப் பிட் மேல் விடாமல் திறந்த வெளியில் நிறுத்தினார். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நிற்கும்வரை டேங்கைத் திறக்கவில்லை. தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பம்ப் ரிலேயைக் கழற்றி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு லைன் பிரஷரை இறக்கினார், அப்புறம் பேட்டரி நெகட்டிவ். டேங்கில் கால் பாகத்துக்கும் குறைவாகவே பெட்ரோல் இருந்தது.

எங்கள் வண்டியில் இரண்டாவது வரிசை சீட்டுக்கு அடியிலேயே மூடி இருக்கிறது, டேங்கை இறக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்தால் பம்ப் தலையைச் சுற்றி விரல் கனத்துக்குச் செம்மண், நடுநடுவே எலி கொண்டுவந்து வைத்த தேங்காய் நார். ஒயரைக் கடிக்கவில்லை, அதுவரை நல்லது. இதை வேக்குவத்தால் உறிஞ்சி, பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து எடுக்கவே ரொம்ப நேரம் பிடித்தது. அவசரப்பட்டு வளையத்தைத் திறந்தால் அத்தனை மண்ணும் டேங்குக்குள் விழுந்து புதுப் பம்ப்பை முதல் நாளே அடைக்கும். பம்ப்பை டேங்கோடு பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் தட்ட இரும்பு உளி கூடாது, பொறி பறக்கும். பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினார். பழைய ஓ-ரிங் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும், பள்ளத்தில் திரும்ப உட்காராது, புதுசுதான் போட வேண்டும். பசை எதுவும் தடவக் கூடாது. மிதவைக் கம்பி வளையாமல் மாட்யூலைச் சாய்த்து இறக்கினார். சாவியைச் சில முறை ஆன், ஆஃப் செய்து லைனை நிரப்பி, ஈரம் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

பழைய பம்ப்பை லேத்தில் அறுத்துப் பார்த்தோம். அடி வலை காப்பிப் பொடி நிறத்தில் நுண்தூள் படிந்து அடைத்திருந்தது. உள்ளே இரண்டு கார்பன் பிரஷ்களில் ஒன்று ஒயர் தெரியும் அளவுக்குத் தேய்ந்து, அது உரசும் கம்யூட்டேட்டர் வளையத்தில் நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. சூடானால் நின்று ஆறினால் ஓடியதற்குக் காரணம் கையில் கிடைத்தது.

டீசல் எஸ்யூவி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்து பார்க்க வேண்டாம். டீசலை இஞ்செக்டர்களுக்குக் கொடுக்கும் காமன் ரெயில் குழாயில் பிரஷர் ஆயிரம் பாருக்கு மேல், 2,000 வரைகூடப் போகும். எஞ்சின் ஓடும்போது பைப்பைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஃபில்டரில் பளபளவென்று உலோகத் தூள் தெரிந்தால் ஹை பிரஷர் பம்ப் அரைபட்டிருக்கிறது, அந்தத் தூள் இஞ்செக்டர் வரைக்கும் போயிருக்கும், வெறும் பம்ப்பை மாற்றினால் போதாது.

மாற்றி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. திம்பம் பலமுறை ஏறியாயிற்று, வால்பாறையின் 40 வளைவுகளையும் முழு லோடில் பார்த்தாயிற்று, திக்கல் இல்லை. வெயிலில் நிறுத்தி எடுத்தாலும் முதல் செல்ஃபிலேயே பிடிக்கிறது. டிரிம் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் நிற்கிறது, ஹைவே மைலேஜ் பழைய அளவுக்கு வந்துவிட்டது. வீட்டில் யார் ஓட்டினாலும் கால் டேங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. குறை என்றால், புது மிதவையின் முள் முன்பைவிடச் சீக்கிரம் காலிப் பக்கம் சாய்கிறது, ரிசர்வ் விளக்கு எரியும்போதும் டேங்கில் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே பெட்ரோல் இருக்கிறது. மிதவைக் கம்பியைச் சரிசெய்ய மறுபடி டேங்கைத் திறக்க வேண்டும் என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டோம்.