ஒரே நோய், இரண்டு முடிவுகள்: இகுவானாவுக்கு வைத்தியமா, கருணைக்கொலையா?

நான்கு வருட இடைவெளியில், அயல்நாட்டுப் பெரிய பல்லி இனமான பச்சை இகுவானா இரண்டு என்னிடம் வந்து சேர்ந்தன. இரண்டும் சென்னை அடுக்குமாடி வீடுகளில் மீன் தொட்டிக்குள் வளர்ந்தவை. இரண்டுக்கும் ஒரே நோய். முதலாவதற்கு வைத்தியம் பார்த்தேன். இரண்டாவதைக் கருணைக்கொலை செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். இது தலைகீழாக நடந்திருக்க வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். ஏனென்றால் பார்வைக்கு மோசமாக இருந்தது முதலாவதுதான்.

அதற்கு எட்டு மாத வயது இருக்கும். ஒரு பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தது. வெள்ளரிக்காயும் வாழைப்பழமும் பாலக்கும்தான் தீனி. கீழ்த்தாடை வீங்கி, விரலால் தொட்டால் ரப்பர் போல அமுங்கியது. முன்கால்கள் வில்லாக வளைந்திருந்தன. கையில் எடுத்தால் கால்விரல்கள் வெடவெடவென்று துடித்தன. பையனின் அம்மா அதைத் துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “அக்கா, பார்க்கவே முடியல. ஊசி போட்டு முடிச்சிடச் சொல்லுங்க” என்று அழுதார்.

இரண்டாவது ஐந்து வயது ஆண். ஊர் மாறிப் போன ஒரு குடும்பம் விட்டுப்போனது. வால் நுனி வரை நாலடிக்கு மேல் நீளம், நல்ல நிறம், கண்ணில் தெளிவு, உருண்டு திரண்ட தொடைகள். பின்கால்களை மட்டும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. கால் சரியானால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நோயின் பெயர் மெட்டபாலிக் போன் டிசீஸ். வளர்ப்பவர்கள் எம்பிடி என்பார்கள். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் இகுவானாவின் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இருந்தால்தான் தின்ற கால்சியம் குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறும். கதிரும் இல்லை, தீனியில் கால்சியமும் இல்லை என்றால், ரத்தத்தில் அளவு குறையாமல் காக்க உடல் தன் எலும்பையே கரைக்கத் தொடங்கும். கூரையைப் பிடுங்கி அடுப்பெரிக்கிற வேலை. கரைந்த எலும்பின் இடத்தில் நார்த்திசு வளரும். தொடை புஷ்டியாக இருக்கிறதே என்று நாம் மகிழ்வது பல சமயம் அந்த வீக்கத்தைப் பார்த்துத்தான். ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடையவும் முடியாது. எலும்பைக் கரைத்துத்தான் அந்த அளவு காப்பாற்றப்பட்டிருக்கும்.

இது சென்னையில் நடக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். குளிர் நாடுகளில் காசு கொடுத்து விளக்கு வாங்கி, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆனதும் புதிது மாற்றிப் பெறுகிற கதிர், நம் மொட்டைமாடியில் காலை வெயிலோடு சும்மா கிடைக்கிறது. ஜன்னல் ஓரமாகத்தானே தொட்டியை வைத்திருந்தோம் என்பார்கள். கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், அந்தக் கதிரை விடாது. கால்சியத்துக்கும் தூரம் போக வேண்டாம், முருங்கைக்கீரையில் இருக்கிறது. பாலக்கில் இருக்கும் ஆக்சலேட்டோ கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலில் சேர விடாது. வெயிலும் முருங்கையும் இருக்கிற ஊரில், வைத்தியத்தின் பக்கம் தராசு கொஞ்சம் கூடுதலாகவே சாய வேண்டும் என்பது என் எண்ணம்.

முதலாவதற்கு நடந்தது

முதல் நாளே கீரையை வாயில் திணிப்பது வைத்தியம் அல்ல. குளிர்ந்து கிடக்கும் உடலில் செரிமானம் நடக்காது, தீனி வயிற்றிலேயே அழுகும். முதலில் சூடு வேண்டும். அது படுத்து வெயில் காயும் இடம் 35 டிகிரியாவது இருக்க வேண்டும். பிறகு தண்ணீர். அப்புறம்தான் தீனி, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. நெடுநாள் பட்டினி கிடந்த உயிருக்கு ஒரேயடியாகத் தீனி கொடுத்தால் ரத்தத்தில் உப்புகளின் அளவு நிலைகுலைந்து அதனாலேயே சாகக்கூடும். தாடை ரப்பராக இருக்கும்போது வாயை வலிந்து திறந்தால் உடைந்துவிடும்.

துடிப்பு இருந்ததால் மருத்துவர் முதலில் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்டார். பிறகு மாதக்கணக்கில் வாய்வழியாகக் கால்சியம் மருந்து, சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக. தினமும் காலையில் கம்பிவலைக் கூண்டில், பாதி வெயில் பாதி நிழலாக மாடியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். காக்கை, பூனை பயம் ஒருபக்கம். இன்னொரு பக்கம், ஒதுங்க நிழல் இல்லையென்றால் நம் ஊர் வெயிலே அதைக் கொன்றுவிடும். கண்ணாடித் தொட்டியோடு தூக்கி வெயிலில் வைப்பதும் அப்படித்தான், உள்ளேயே வெந்துவிடும்.

துடிப்பு நாலாம் நாள் அடங்கியது. தாடை இறுக நான்கு மாதம் ஆயிற்று. வளைந்த கால் வளைந்ததுதான், அது நேராகப்போவதில்லை. ஆனால் கிளை ஏறுகிறது, செம்பருத்திப் பூவைக் கண்டால் ஓடி வருகிறது. தாடை ஒரு பக்கம் கோணலாக நின்றுவிட்டதால் கீரையைப் பொடியாக நறுக்கித் தர வேண்டும். எனக்கு இதுதான் குணம்.

இரண்டாவதற்கு நடந்தது

இரண்டாவதற்கு எக்ஸ்ரே எடுத்தபோது முதுகெலும்பு இரண்டு இடத்தில் முறிந்து பழசாகியிருந்தது. பின்கால் விரலை மருத்துவர் இடுக்கியால் அழுத்தினார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தானாக மலம் கழிக்கவும் முடியவில்லை. ரத்தத்தில் பாஸ்பரஸ் கால்சியத்தை மிஞ்சியிருந்தது. ஆரோக்கியமான இகுவானாவில் இது நேர்மாறாக இருக்கும். சிறுநீரகங்கள் வீங்கி இடுப்புக்கூட்டுக்குள் குடலை நெருக்கிக்கொண்டிருந்தன. இந்த நிலையில் மருந்தே எதிரியாகிவிடும். பாஸ்பரஸ் ஏறிக் கிடக்கும் ரத்தத்தில் மேலும் கால்சியம் கொடுத்தால் அது எலும்புக்குப் போய்ச் சேராமல் ரத்தக்குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பாகப் படியும். முதலாவதைக் காப்பாற்றிய அதே சிரிஞ்சு இதைக் கொன்றிருக்கும்.

தாடை வீக்கம், கால் வளைவு, துடிப்பு எல்லாம் பார்ப்பவரைப் பயமுறுத்தும். ஆனால் இளம் வயதில் அவற்றிலிருந்து மீளலாம். உணர்ச்சி போன பின்னுடல், தானாகக் கழிக்க முடியாமை, செயலிழந்த சிறுநீரகம் மூன்றும் வெளியே சத்தம் காட்டாது. முடிவு இவற்றைப் பார்த்து எடுக்க வேண்டியது. பின்கால் இழுக்கிறது என்பதற்காக மட்டும் கருணைக்கொலைக்குப் போக வேண்டாம். தொடை எலும்பு முறிவோ, வெறும் கால்சியக் குறைவோகூட அப்படி இழுக்க வைக்கும், அவை ஆறும். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் எந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

வலியைப் பற்றியும் பேச வேண்டும். பல்லி கத்தாது, முனகாது. நிறம் கறுத்து, கண்ணை மூடி, அசையாமல் கிடக்கும். அமைதியாக இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்வோம். அதற்கு வலி உண்டு, மார்ஃபின் போன்ற வலிநிவாரணிகள் பல்லிகளிடம் வேலை செய்கின்றன. வைத்தியம் என்று முடிவெடுத்தால் வலிக்கான மருந்தையும் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வைத்தியம், கருணைக்கொலை இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றைத்தான் பெரும்பாலான வீடுகளில் தேர்ந்தெடுக்கிறார்கள்: ‘பார்ப்போம், தானா போகட்டும்’ என்பது. மூன்றில் மிகக் கொடியது அது. ஊர்வனவின் உடல் மிக மெதுவாக எரிபொருளைச் செலவழிக்கும். நாய் சில நாளில் படுகிற பாட்டை இகுவானா வாரக்கணக்கில் படும். தயக்கம் இருந்தால் மருத்துவரோடு சேர்ந்து ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். சூடு, நீர், மருந்து எல்லாம் சரியாகக் கொடுத்தும் மூன்று வாரத்தில் தானாகத் தின்னவில்லை, தலை தூக்கவில்லை என்றால் அடுத்தது என்ன என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

காசைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பெரிய செலவு முதல் மாதத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பின் கேட்பது நேரம்தான். நன்றாக வளர்த்தால் இகுவானா 15, 20 வருடம் இருக்கும், ஐந்தடியைத் தாண்டும். அந்தப் பையனின் வீட்டில் அதற்கு இடமில்லை, அதனால்தான் அது என்னிடம் இருக்கிறது. பிழைக்க வைத்துவிட்டு மறுபடி அதே தொட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் வைத்தியத்துக்குப் பொருளே இல்லை.

கை மாற்றும்போது சட்டத்தையும் பாருங்கள். 2022-இல் திருத்தப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் 2024-இல் வந்த விதிகளும் இகுவானா போன்ற அயல்நாட்டு உயிர்களைப் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்கின்றன. கை மாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். நோயோடு விட்டால் அது சாகும். பிழைத்தாலோ, இந்த மண்ணுக்கு உரியதல்லாத ஓர் உயிரை நாமே பரப்பியதாகும்.

கருணைக்கொலை என்றால் எப்படி

ஃப்ரீசரில் வைத்தால் தூக்கத்திலேயே போய்விடும் என்று இன்றும் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். உணர்வோடு இருக்கும் விலங்கை உறைய வைப்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை. தலையை வெட்டுவது மட்டுமேகூடப் போதாது, ஏனென்றால் ஊர்வனவின் மூளை ஆக்ஸிஜன் இல்லாமலும் நெடுநேரம் தாங்கும். முறையாகச் செய்தால் முதலில் மயக்க ஊசி. முழுதாக மயங்கியது உறுதியான பிறகு, உயிரை நிறுத்தும் மருந்தான பென்டோபார்பிடால். அதன் பின் மூளையை அழிக்கும் கடைசிப் படி. இந்த மூன்றும் உண்டா என்று முன்பே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அன்று காலை அதை மாடிக்குத் தூக்கிப் போய் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்திருந்தேன். அதன் ஐந்து வருடத்தில் நேர்வெயில் பட்டது அநேகமாக என்னிடம் வந்த பிறகுதான். உடல் சூடாக இருந்தால் மயக்க மருந்தும் சீக்கிரம் பிடிக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மயங்கிய பின் நான் அதன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அசைவு நின்று அரைமணி ஆன பிறகும் டாப்ளர் கருவியில் இதயம் லேசாகக் கேட்டது. “அது ஒண்ணும் உணரலம்மா, இதயம் மட்டும் லேட்டாத்தான் நிக்கும்” என்றார் மருத்துவர். சத்தம் முழுதாக நிற்கும்வரை அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிடவில்லை. அதன் பிறகு, கடைசிப் படியையும் முடித்துத்தான் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.