கொடைக்கானல் வாசலுக்கு எந்தக் கதவு: உளி வேலையா, சிஎன்சியா?

வாசற்கதவில் பூவேலை வேண்டுமென்றால் இன்று இரண்டு வழி. ஆசாரியை வைத்து உளியால் செதுக்கலாம். கீழே சமவெளிக்கு இறங்கி, கணினி ஓட்டும் செதுக்கு மெஷினான சிஎன்சியில் ஓட்டியும் எடுத்து வரலாம். சிஎன்சி மலிவு, வேகம், இரண்டு மயிலும் அச்சாக ஒன்றுபோல வரும். அதில் வாதமில்லை. இருந்தும் நாங்கள் போட்டது சுற்றிலும் சட்டம் கட்டி நடுவில் பலகை செருகிய உளிவேலைத் தேக்குக் கதவு. காரணம் அழகில்லை, ஈரம்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மூடுபனியும். பிப்ரவரியில் காற்று காய்ந்துவிடும். சமவெளியில் 12 சதவீத ஈரத்துக்கு உலர்த்திய தேக்கு, இங்கே மழைக்காலத்தில் 18 சதவீதத்துக்குப் போனால் அகலத்தில் 1.2 சதவீதம் வரை உப்பும். மரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அறுத்த ஆர அறுப்புப் பலகையில் அதில் பாதிதான். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது.

சிஎன்சி வேலைக்குப் பெரும்பாலும் பட்டைகளை ஒட்டி ஒரே பரப்பாக்குகிறார்கள், படம் வெட்டுப்படாமல் ஓட வேண்டுமே! 900 மி.மீ. அகலத்தில் 10 மி.மீ. உப்பல். நவம்பரில் நிலையில் இறுகும். இழைப்புளி போட்டுச் சீவினால் மார்ச்சில் சந்து விடும், குளிர் உள்ளே வரும்.

சட்டக்கதவில் கணக்கில் வருவது இரண்டு நெடுஞ்சட்டங்கள் மட்டும். தலா 115 மி.மீ. என்றால் மொத்த உப்பல் 3 மி.மீ.க்குள் அடங்கும். நடுப்பலகை சட்டத்தில் வெட்டிய பள்ளமான காடிக்குள் தன்பாட்டில் விரிந்து சுருங்கும். 300 மி.மீ. பலகைக்குப் பக்கத்துக்கு 2 மி.மீ. இடம் விடுங்கள். பசை, சட்டங்களை ஒன்றோடொன்று கோக்கும் முனையான கழுந்துக்கு மட்டும்தான். காடியில் பட்டால் பலகை வெடிக்கும், அதுவும் செதுக்கு ஆழமாக இருக்கிற இடத்தில். பொருத்துவதற்கு முன்பே பலகையின் விளிம்பு, பின்புறம் எல்லாம் பூச்சு பூசிவிட வேண்டும். இல்லையென்றால் கோடையில் ஓரத்தில் வெளுத்த கோடு எட்டிப் பார்க்கும்.

பலகையை மட்டும் சிஎன்சியில் ஓட்டி ஆசாரியிடம் சட்டம் கட்டச் சொல்லலாமே என்றால், தாராளமாக. அப்போதும் 3 மி.மீ. உருண்டைமுனை பிட் எந்த உள்மூலையையும் வளைவாகத்தான் விடும். அதன் தடத்தை உப்புத்தாளால் தேய்த்து மறைப்பார்கள். தேய்த்த நார் முதல் மூடுபனியிலேயே சிலிர்த்து நிற்கும். கூரான உளி நாரைச் சுத்தமாக அறுத்துவிடும். இதழின் மேல்விளிம்பில் தண்ணீர் தங்காமல் வாட்டம் வைப்பதையும் நல்ல ஆசாரி சொல்லாமலே செய்வார். மெஷினுக்கு வரைபடத்தில் இருந்தால்தான் உண்டு.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். பளபளக்கும் பியு (பாலியூரிதேன்) பூச்சு வேண்டாம். செதுக்கின் கூர் ஓரங்களில் படலம் வெடித்து ஈரம் அடியில் புகுந்தால் மரம் கறுக்கும், குழிகளுக்குள் சுரண்டி எடுக்கத் தாவு தீர்ந்துவிடும். பிப்ரவரி வெயிலில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தடவி, 15 நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தால் போதும். மிச்சம் விட்டால் பிசுபிசுக்கும், பூஞ்சை ஏறும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

முக்கால் வேலை மெஷின், முடிப்பு உளி என்ற கலவையும் வருகிறது. இரண்டு மழைக்காலம் நன்றாக நின்றதைப் பார்த்ததுண்டு. பத்தாண்டுக்கு உத்தரவாதம் சொல்லத் துணிவில்லை. பூஜை அறைக்குச் சிஎன்சி தாராளம், ஜன்னல் சாரல் படாத இடமாக இருந்தால் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகைகூடப் போதும்.