மொட்டை மாடிச் சூடு: ஏழு கோடையின் கணக்கு

எங்கள் வீடு நங்கநல்லூரில் இருக்கிறது. கீழே வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் அம்மாவும் நானும் என் குடும்பமும் இருக்கிறோம். தலைக்கு மேல் ஐந்து அங்குலக் கான்கிரீட், அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கும் மேல் சிவப்புத் தட்டோடு. 1998-ல் கட்டியது. மாடி வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: கத்திரி வெயிலில் மதியம் இரண்டு மணியைக்கூடச் சமாளித்துவிடலாம், இரவு எட்டு மணியைத்தான் முடியாது. பகல் முழுக்கக் குடித்த வெயிலை அந்தத் தளம் அப்போதுதான் கக்க ஆரம்பிக்கும். ஃபேனைப் போட்டால் அடுப்பு ஊதுகுழல் மாதிரி காற்று வரும்.

முன்பெல்லாம் சாயங்காலம் மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிடுவோம். ஒரு மணி நேரத்துக்கு நிம்மதி. 2019 கோடையில் அதுவும் போயிற்று. ஏரிகள் வறண்டு, ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வருஷம் அது. குடிக்கவே இல்லாதபோது மாடியில் எங்கே ஊற்றுவது? அந்த ஏப்ரல், மே மாதங்களுக்கு வந்த மின் கணக்கு 880 யூனிட். ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவெடுத்தது அன்றைக்குத்தான்.

தங்கை இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறாள். "லாஃப்ட்டுக்கு இன்சுலேஷன் போட்டா போதும்ண்ணா, ஹீட்டர் செலவு எவ்வளவு குறையுது தெரியுமா" என்றாள். நமக்கு லாஃப்ட் என்றால் அடுக்களைக் கதவுக்கு மேலே பித்தளை அண்டாவும் கொலு பொம்மைப் பெட்டியும் கிடக்கிற பரண். அதற்கு எதற்குக் கம்பளி என்று எனக்குக் குழப்பம். அப்புறம்தான் புரிந்தது, அவர்களுக்கு லாஃப்ட் என்பது சாய்வான ஓட்டுக் கூரைக்கும் அறையின் மேல்தட்டுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம். அதில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கனிமக் கம்பளியை விரிக்கச் சொல்கிறார்கள். சுவரும் இரட்டைச் சுவர். நடுவே இருக்கும் இடைவெளியில், வெளியிலிருந்து துளை போட்டு நாரையோ மணிகளையோ ஊதி நிரப்புகிறார்கள். நம் ஒன்பது அங்குலச் சுவர் முழுக்கச் செங்கல், நிரப்ப ஓட்டையே கிடையாது. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கலை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடுவார்கள். செங்கலும் நாலில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆனால் அது புதிதாகக் கட்டுகிறவர்களுக்குத்தான்.

இந்த ஊர் வித்தியாசத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால்தான் என் முதல் 70,000 ரூபாய் வீணானது. லீட்ஸில் வெளியே 3 டிகிரி, உள்ளே 20. அந்த 17 டிகிரி வித்தியாசம் மாதக்கணக்கில் எல்லாச் சுவரிலும் கூரையிலும் உட்கார்ந்திருக்கும், அதனால் அவர்கள் வீட்டையே போர்த்த வேண்டியிருக்கிறது. சென்னையில் வெளிக்காற்று 38, உள்ளே 28. வித்தியாசம் பத்துதான். ஆனால் மொட்டை மாடித் தரை 60 டிகிரியைத் தொடுகிறது. அது காற்றின் சூடு அல்ல, நேராக விழுகிற வெயில். ஆகவே இங்கே முதல் வேலை போர்த்துவது இல்லை, வெயிலைத் திருப்பி அனுப்புவது.

இது தெரியாமல் 2020 ஜனவரியில் உள்பக்கத்தில் கை வைத்தேன். இரண்டு படுக்கையறையிலும் கம்பிச் சட்டம் கட்டி, தெர்மாகோல் பலகை வைத்து, கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங். எட்டு அங்குல உயரம் போயிற்று, ஃபேன் தண்டை வெட்டிக் குட்டையாக்க வேண்டியதாயிற்று. பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏசி போட்டால் அறை சீக்கிரம் குளிர்ந்தது. அந்தக் கோடையில் ஊரடங்கு, நாள் முழுக்க எல்லோரும் வீட்டில், அதனால் அந்த வருஷத்து யூனிட் கணக்கை நான் ஆதாரமாக எடுப்பதில்லை. ஆனால் தளம் பழையபடி கொதித்துக்கொண்டுதான் இருந்தது, நாம் அதற்குக் கீழே ஒரு குடை பிடித்திருந்தோம், அவ்வளவுதான்.

2021 நவம்பர் மழை நினைவிருக்கும். மாடியில் தட்டோட்டுச் சந்துகள் விரிந்து தண்ணீர் இறங்கியிருக்கிறது. சாதாரணமாக என்றால் மேல்தட்டில் ஈரத் திட்டு தெரியும், நாமும் உஷாராவோம். இங்கே ஃபால்ஸ் சீலிங் அதை மறைத்துவிட்டது. ஜிப்சம் பலகை பழுப்பாகித் தொங்கிய பிறகுதான் பிரித்தோம். மேலே பூச்சு உதிர்ந்து துருப்பிடித்த கம்பி பல்லிளித்தது, தெர்மாகோலுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. போட்டுக் கொடுத்த ஆள் மாடிப் பக்கம் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை, அது வேறு. கம்பியைச் சரிசெய்ய வந்த மேஸ்திரி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "சார், மொதல்ல ஒழுகலைப் பாருங்க, அப்புறம் வெயிலைப் பாருங்க."

2022 மார்ச்சில் அவர் சொன்ன வரிசையிலேயே செய்தோம். சந்துகளைக் கீறி அடைத்து, கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் மூலையில் வலைத்துணி ஒட்டிப் பூசி, அதன் மேல் வெள்ளைக் கூல் ரூஃப் பூச்சு மூன்று கை. 900 சதுர அடிக்கு ஆள் கூலியோடு 31,000 ரூபாய் ஆனது. சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அடித்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, முதல் கோடைக்கு அதுவும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஐப்பசி மழையில் பாதி கரைந்து போய்விடும். வருஷா வருஷம் பங்குனியில் அடிக்கத் தயார் என்றால் சுண்ணாம்பே போதும் என்பேன்.

கொரோனா சமயத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை மாடித் தரைக்குக் காட்டிப் பார்த்தேன். 43-க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியவில்லை, காய்ச்சல் என்று சிவப்பு விளக்கைக் காட்டியது. தொழிற்சாலைகளில் பயன்படுத்துகிற வகை ஒன்றை வாங்கினேன். பூச்சுக்கு முன் ஒரு நல்ல வெயில் நாளில், மதியம் மூன்று மணிக்குத் தரை 59 டிகிரி, இரவு எட்டு மணிக்குப் படுக்கையறை மேல்தட்டு 40. பூச்சுக்குப் பின் மே மாதத்தில் தரை 44, மேல்தட்டு 36. நான்கு டிகிரிதானே என்று தோன்றும். நம் தோலின் சூடே 33, 34 இருக்கும். 40 டிகிரித் தளத்துக்குக் கீழே படுப்பது, சூடு ஆறாத தோசைக்கல்லுக்குக் கீழே படுப்பது போலத்தான். மதியம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் மாடியில் நடக்க முடிந்ததை அம்மா நம்பவில்லை. ஆனால் அவர் உடனே ஒரு குறையையும் கண்டுபிடித்தார்: வடாம் காய ஒரு நாள் கூடுதலாக ஆகிறதாம். கீழேயிருந்து சூடு ஏறாததால் இருக்கலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கண் கூசும், மத்தியானம் துணி காயப்போடப் போனால் கறுப்புக் கண்ணாடி தேவைப்படும். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு மாடி பச்சையும் கறுப்புமாகிவிட்டது. அடுத்த ஏப்ரலில் அளந்தபோது தரை 50, மேல்தட்டு 38. அழுக்கான வெள்ளை பாதி வெள்ளைதான். பொங்கலுக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவுவதை இப்போது போகிச் சடங்காகவே வைத்துக்கொண்டோம். 2024-ல் மேலே இன்னும் ஒரு கை அடித்தோம்.

அம்மா படுக்கும் மேற்குப் பக்க அறை மட்டும் சரிப்படவில்லை. 2025 மார்ச்சில் அந்த 300 சதுர அடிக்கு மேலே எக்ஸ்பிஎஸ் பலகை போட்டோம். இது தெர்மாகோலின் அண்ணன் மாதிரி: உள்ளே மூடிய நுண்ணறைகள் கொண்டது, தண்ணீர் குடிக்காது, மேலே நடந்தாலும் நசுங்காது. இரண்டு அங்குலப் பலகை தடுக்கிற சூட்டைக் கான்கிரீட்டால் தடுப்பதென்றால் ஏழெட்டு அடி கனம் வேண்டும். பலகைகளை நெருக்கி வைத்து, சந்துக்கு டேப் ஒட்டி, பாலிதீன் விரித்து, கோழி வலை வைத்து இரண்டு அங்குலக் காரை, அதற்கு மேல் வெள்ளை ஓடு. மழைநீர்க் குழாய்ப் பக்கம் வாட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் இதில் நிஜமான தலைவலி. ஒரு மூலையில் இன்னும் தண்ணீர் தேங்குகிறது. செலவு 56,000. அந்த மே மாதம் இரவு எட்டு மணிக்கு அம்மா அறை மேல்தட்டு 33. ஒரு எச்சரிக்கை: பலகை போட்ட பிறகு ராத்திரி சூடு மேல் வழியாக வெளியேறாது. ஜன்னலைச் சாத்தி வைத்தால் அடுப்புச் சூடும் ஆள் சூடும் உள்ளேயே நிற்கும். எட்டு மணிக்குமேல் கடல் காற்றுக்குத் திறந்துவிட வேண்டும். மேற்குச் சுவருக்கு வேறு ஒன்றும் செய்யவில்லை, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி. உள்ளே திரை போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

சரி, பணம் திரும்பியதா? 2025 ஏப்ரல், மே கணக்கு 610 யூனிட். 880-லிருந்து 270 குறைவு. ஆனால் நடுவில் பழைய ஏசியை இன்வெர்ட்டர் ஏசியாக மாற்றினேன், முழுப் பெருமையையும் மாடிக்குக் கொடுக்க முடியாது. 2024 ஜூலைக் கட்டணப்படி பார்த்தால் 880 யூனிட்டுக்குச் சுமார் 5,700 ரூபாய், 610-க்குச் சுமார் 3,000. யூனிட் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, பணம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. மிச்சமாவது எல்லாம் 9.65, 10.70 ரூபாய் என்று போகிற மேல்படி யூனிட்டுகள் என்பதால்தான். கோடையில் இரண்டு கணக்குக்குத்தான் இந்த லாபம், மார்கழியில் ஒன்றும் இல்லை. மிச்சம் முழுவதையும் அதன் கணக்கில் எழுதினால் வெள்ளைப் பூச்சு ஆறேழு வருஷத்தில் போட்ட காசை எடுத்துவிடும், நடுவில் ஒரு கை அடிக்கும் செலவையும் சேர்த்து. எக்ஸ்பிஎஸ் பலகைக்கு நான் கணக்குப் போடவே இல்லை. அம்மா இரவு பதினொரு மணிக்கு எழுந்து கூடத்துத் தரையில் பாய் விரிப்பதில்லை, அதற்குக் கொடுத்த காசு.

இனி மிச்சம் இருப்பது தண்ணீர்த் தொட்டி. மாடி மூலையில் கறுப்பாக நிற்கிறது. மாலை நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால் இன்னமும் காப்பி போடுகிற சூட்டில்தான் வருகிறது. அம்மா அதற்குக் கீற்றுப் பந்தல் போடச் சொல்கிறார்.