டெனர் சாக்ஸில் ஜாஸ்: நாணல் ரீட்டா, சிந்தெடிக் ரீட்டா?

டெனர் சாக்ஸபோனில் ஜாஸ் வாசிக்க நான் இப்போது நிலையாக வைத்திருக்கும் ரீட் (மவுத்பீஸில் மாட்டி ஊதும்போது அதிர்ந்து நாதம் தரும் மெல்லிய தகடு) டி'அடாரியோ கம்பெனியின் செலக்ட் ஜாஸ். அதில் அன்ஃபைல்டு வகை, விறைப்பு எண் 3 சாஃப்ட். கடைசிவரை இதோடு மல்லுக்கு நின்றவை இரண்டு. ஒன்று வாண்டோரன் பச்சைப் பெட்டி ஜாவா, இதுவும் நாணல். இன்னொன்று கனடாவின் லெஜேர் செய்யும் அமெரிக்கன் கட், சிந்தெடிக். மூன்றிலும் நல்ல ஜாஸ் வாசிக்கலாம். ஆனால் என்னை நாணல் பக்கம் சாய்த்த காரணம் ஒன்று உண்டு. ரீட் வாங்கப் போகும் இடத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) ஓட்டோ லிங்க் ரப்பர், 7 ஸ்டார் அளவு. நுனித் திறப்பு, அதாவது ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் இடையே உள்ள இடைவெளி, 0.105 அங்குலம். திறப்பு அகலமாக இருந்தால் இளகிய ரீட், குறுகலாக இருந்தால் கெட்டியான ரீட் என்பதுதான் பொதுக்கணக்கு. கிளாசிக்கல் மவுத்பீஸில் 3-ஐச் சுலபமாக ஊதுகிறவர் ஜாஸ் மவுத்பீஸுக்கு மாறியதும் 2½-க்கு இறங்குவது சகஜம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஒரு கம்பெனியின் 3 இன்னொரு கம்பெனியின் 3-க்குச் சமமாகவும் இருக்காது. ஒப்பீட்டு அட்டவணைகள் தோராயமான வழிகாட்டிதான்.

ஃபைல்டு, அன்ஃபைல்டு விஷயமும் அப்படித்தான். சீவிய பகுதி தொடங்கும் இடத்தில் பட்டையை நேர்கோடாகச் சுரண்டி எடுத்திருந்தால் ஃபைல்டு. பட்டை வளைவாக அப்படியே இருந்தால் அன்ஃபைல்டு. ஃபைல்டு ரீட் மெல்லிய ஊதலுக்கும் சட்டென்று பேசும். அன்ஃபைல்டு கொஞ்சம் எதிர்த்து நிற்கும், அழுத்தி ஊதினால் சத்தம் பிளக்காமல் தாங்கும். ஜாஸ் டெனருக்கு எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. வாண்டோரனில் பச்சை ஜாவா அன்ஃபைல்டு, சிவப்பு ஜாவா ஃபைல்டு. செலக்ட் ஜாஸ் இரண்டு வகையிலும் வருகிறது.

இனி சிந்தெடிக். அதன் நியாயத்தை முழுசாகச் சொல்லாமல் நாணலைப் புகழ்வது சரியில்லை. லெஜேர் ரீட் பாலிபுரொப்பிலீனால் ஆனது. எச்சிலில் ஊறவைக்கத் தேவையில்லை. பெட்டியைத் திறந்து, லிகேச்சரை (ரீட்டைப் பிடித்திருக்கும் கவ்வியை) இறுக்கி, நேரே ஊதலாம். மேடையில் டெனரை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் புல்லாங்குழலோ கிளாரினெட்டோ வாசித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் விட்ட நிலையிலேயே இருக்கும். நாணல் அதற்குள் காய்ந்து நுனி நெளிந்திருக்கும். எண்ணும் கால் கால் படியாக ஏறுகிறது: 2, 2.25, 2.5 என்று. ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். பல மாதம் உழைக்கும். பேண்டில் டிரம்ஸும் பேஸும் ஓடும்போது இது நாணலா பிளாஸ்டிக்கா என்று முன்வரிசையில் இருப்பவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

வித்தியாசம் தெரிவது கீழ் ஸ்தாயியில், மெல்ல ஊதும்போது. டெனர் சாக்ஸ் கலைஞர் பென் வெப்ஸ்டர் பாலட் (மெதுவான பாட்டு) வாசித்த பதிவுகளைக் கேட்டிருந்தால் புரியும். ஸ்வரத்துக்கு முன்னால் மூச்சு வரும், ஸ்வரம் முடிந்த பிறகும் மூச்சு கொஞ்சம் நிற்கும். அந்த சப்டோனில் (மூச்சு கலந்த மெல்லிய நாதத்தில்) காற்று எங்கே முடிகிறது, நாதம் எங்கே தொடங்குகிறது என்ற எல்லை மங்கலாக இருக்க வேண்டும். சிந்தெடிக்கில் என் வாய்க்கு அந்த எல்லை கொஞ்சம் சடாரென்று வந்துவிடுகிறது. அதிலேயே அழகாக சப்டோன் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதை ரீட்டின் மேல் தீர்ப்பாக எழுதவில்லை, என் உதட்டின் அனுபவமாக எழுதுகிறேன். இன்னொன்று, சூடான மேடை விளக்கின் கீழ் பிளாஸ்டிக் இளகும். கால் எண் குறைந்தது போல் உணர்வீர்கள்.

இதையெல்லாம் தாண்டி எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம்: நாணலைக் கையால் திருத்தலாம்.

ரீட்டின் மேல் அச்சடித்திருக்கும் எண் தடிமன் அல்ல. ஒரே மாடலின் 2½-உம் 3-உம் ஒரே அளவில்தான் சீவப்படுகின்றன. சீவிய பிறகு வளைத்துப் பார்த்து, எவ்வளவு விறைப்போ அதற்கேற்ப எண் போடுகிறார்கள். அந்த எண் மொத்த விறைப்பைச் சொல்லுமே தவிர, இடது ஓரமும் வலது ஓரமும் சமமாக இருக்கின்றனவா என்று சொல்லாது. நாணல் ஒரு புல். அருண்டோ டோனாக்ஸ் என்பது தாவரப் பெயர். தெற்கு பிரான்சின் வார் பகுதியில் விளைவது பேர்போனது. இரண்டு ஆண்டு வளர்ந்து, குளிர்காலத்தில் வெட்டப்பட்டு, வெயிலில் பழுத்துப் பொன்னிறமாகும் வரை காத்திருந்து வருகிற தண்டு. அதன் நார் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருப்பது இயல்பு. 'பெட்டியில் பாதி தேறாது' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இந்தச் சமமின்மைதான். அப்படி ஒதுக்கப்படும் ரீட்களில் பலவற்றைச் சில நிமிடங்களில் மீட்கலாம்.

நான் செய்வது இதுதான். புது ரீட்டை நனைத்து, மாட்டி, விரல் எதையும் அழுத்தாமல் நடு சி ஷார்ப் ஊதுவேன். பிறகு மவுத்பீஸை வாய்க்குள் லேசாக உருட்டி, ஒரு ஓரத்தை மட்டும் கீழ் உதட்டால் அடக்கி, மறு ஓரம் மட்டும் அதிரும்படி அதே ஸ்வரத்தை ஊதுவேன். அடுத்து எதிர்ப்பக்கம். ஒரு பக்கம் தெளிவாகப் பேசும், மறுபக்கம் அடைத்த மூக்கு மாதிரி ஒலிக்கும். அடைத்துப் பேசும் பக்கத்தில்தான் நார் அதிகம். கண்ணாடித் துண்டின் மேல் 600 நம்பர் உப்புத்தாளை விரித்து, ரீட்டைக் கவிழ்த்து, அந்த ஓரத்துக்கு மட்டும் பாரம் கொடுத்து இரண்டு இழுப்பு. நுனி மட்டும் தாளைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த இடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் தடிமன். மறுபடி ஊதிப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரே குரலில் பேசும்வரை இதைத் திரும்பச் செய்வேன். அவசரப்படக் கூடாது. எடுத்த நாரைத் திரும்ப ஒட்ட முடியாது.

அடிப்பக்கம் தட்டையாக இருக்கிறதா என்பது அடுத்தது. அதற்கும் கண்ணாடியும் உப்புத்தாளும் போதும். அடியில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தால், மேடான இடத்தில் கோடு அழியும், பள்ளத்தில் கோடு அப்படியே நிற்கும். நடுவில் மட்டும் கோடு தங்கினால் ரீட் குழிந்திருக்கிறது, மவுத்பீஸோடு ஒட்டாமல் காற்று கசியும். தட்டையாக்கிய பின் சோதிக்க எளிய வழி உண்டு: மவுத்பீஸின் பின்துளையை உள்ளங்கையால் அடைத்து, முன்பக்கம் காற்றை உறிஞ்சி எடுங்கள். ரீட் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு 'டொப்' என்று விலகினால் கசிவு இல்லை. சும்மா விலகினால் இன்னும் வேலை இருக்கிறது.

வாசித்து வாசித்து இளகிப்போன ரீட்டுக்கும் ஒரு வழி உண்டு. கிளிப்பரில் (ரீட் நுனி வெட்டும் சின்னக் கருவி) வைத்து நுனியில் முடியளவு வெட்டினால் விறைப்பு திரும்பும். ஆக, கெட்டியானதை இளக்கலாம், இளகியதை விறைக்க வைக்கலாம், கோணலை நிமிர்த்தலாம். நாதஸ்வர வித்வான்கள் சீவாளியை, அதாவது நாதஸ்வரத்தின் ரீட்டை, தங்கள் வாய்க்கு ஏற்றபடி பதப்படுத்திக்கொள்வது நம் ஊரில் புதிதல்ல. மாற்றுச் சீவாளிகள் நூலில் கட்டி வாத்தியத்திலேயே தொங்கும். சாக்ஸ் வாசிப்பவர் மட்டும் பெட்டியிலிருந்து வந்ததை அப்படியே ஊத வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

சிந்தெடிக்கில் இந்தக் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. உப்புத்தாளில் தேய்த்தால் நாணல் பொடியாக உதிரும், பிளாஸ்டிக் அப்படிச் சுத்தமாக உதிராது. நுனியைக் கிளிப்பரால் வெட்டிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதில் இறங்கியதில்லை. உங்கள் மவுத்பீஸுக்கு 2.5 இளகலாகவும் 2.75 கெட்டியாகவும் தோன்றினால் இடையில் நிற்க இடமில்லை. ஒரு லெஜேரின் விலை ஐந்து ரீட் கொண்ட டெனர் பெட்டியின் விலையை எட்டும், தாண்டவும் செய்யும். அந்தப் பணத்தைக் கொடுத்துச் சரியான எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது. சரியான எண் அமைந்துவிட்டவர் கொடுத்துவைத்தவர், அவருக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

சென்னைக் காற்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். வெளியே ஈரப்பதம் சர்வசாதாரணமாக 70 சதவீதத்துக்கு மேல். ஏசி அரங்குக்குள் நுழைந்தால் காற்று காய்ந்து கிடக்கிறது. வீட்டில் நன்றாகப் பேசிய நாணல் அங்கே நுனி சுருங்கிப் படபடக்கும். டி'அடாரியோவின் ரீட் விட்டலைசர் 73 சதவீத ஈரத்தைக் காக்கும் பை. வெளிநாட்டில் காய்ந்த குளிர்காலத்துக்காக வாங்குகிறார்கள். நமக்கு அது ஏசி அறைக்குத்தான் பயன்படும். நம் ஊரில் எதிர் ஆபத்தே பெரிது: ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை. வாசித்து முடித்ததும் துடைத்து, தட்டையான பெட்டியில் வைத்து, கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து விட்டால் போதும். நுனி நெளிந்திருந்தால் பயப்பட வேண்டாம். நன்றாக நனைத்து, மவுத்பீஸின் தட்டைப் பகுதியில் வைத்துக் கட்டை விரலால் சிறிது நேரம் அழுத்தினால் படிந்துவிடும். நான்கு ரீட்களை மாற்றி மாற்றி வாசித்தால் எதுவும் சீக்கிரம் சாகாது. இது தினசரி வேலைதான். இந்த வேலையில் பொறுமை இல்லாதவருக்கு லெஜேர்தான் சரி என்று மனதாரச் சொல்வேன்.

இனி ஜாவாவா, செலக்ட் ஜாஸா? இங்கே போட்டி நெருக்கம். ஜாவா 1983-ல் ஜாஸுக்கும் மெல்லிசைக்கும் என்றே வந்தது. ஜாவாவின் சீவிய பகுதி நெகிழ்வானது. பீபாப் என்ற ஜாஸ் வகையின் வேகமான ஓட்டங்களில் நாக்கு வைத்த இடமெல்லாம் பேசும். ஒலியும் பிரகாசம். ஃபங்க், லத்தீன் ஜாஸ் வாசிப்பவருக்கு அதையே சிபாரிசு செய்வேன். செலக்ட் ஜாஸின் நடு முதுகு (ரீட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் மேடு) தடிமனாக விடப்பட்டிருக்கிறது. கீழே பி ஃபிளாட் வரை இறங்கினாலும் நாதம் மெலியாது, மேலே அழுத்தினாலும் கீச்சிடாது.

ஆனால் நான் அதை எடுத்தது முக்கியமாக அதன் எண் முறைக்காக. ஜாவா அரை அரை எண்ணாக ஏறுகிறது. செலக்ட் ஜாஸில் ஒவ்வொரு எண்ணும் சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்று மூன்றாகப் பிரிகிறது. எனக்கு வசதியான விறைப்பு 2 ஹார்ட். நான் வாங்குவது அதற்கு ஒரு படி மேலே உள்ள 3 சாஃப்ட். அந்த ஒரு படி உப்புத்தாளுக்கு விட்டுவைத்த இடம். அரை எண் தாண்டி வாங்கினால் அவ்வளவு நாரை எடுப்பதற்குள் ரீட்டின் முதுகும் போய்விடும்.

ஆல்டோவில் எனக்கு நீண்ட அனுபவம் இல்லை. அங்கே பெட்டிக்குப் பத்து ரீட் வருவதால் நாணல் இன்னும் கட்டுபடியாகும் என்பது மட்டும் உறுதி. பாரிட்டோன் அகலமான ரீட், நுனி சீக்கிரம் நெளியும், விலையும் அதிகம். அதை எப்போதாவது எடுக்கிறவர் சிந்தெடிக் வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. சோப்ரானோவை ஒரு நிகழ்ச்சியில் இரண்டு பாட்டுக்கு மட்டும் எடுப்பவருக்கும் அப்படியே. என் சோப்ரானோவில் லெஜேர்தான் இருக்கிறது.

டெனரில் தொடங்குகிறவர் 7 ஸ்டார் அளவு மவுத்பீஸ் வைத்திருந்தால், சில்லறையாக ரீட் தரும் கடை கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால் செலக்ட் ஜாஸ் அன்ஃபைல்டு 2 ஹார்டில் ஒன்று, 3 சாஃப்டில் இரண்டு, கூடவே ஜாவா 2½ ஒன்று வாங்குங்கள். திரும்பும் வழியில் ஹார்டுவேர் கடையில் ஒரு உப்புத்தாளும், கண்ணாடிக் கடையில் ஓரம் மழுக்கிய ஒரு துண்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.