பழைய பிரஷர் குளிசையும் ஒரு பக்கக் கதையும்: நான் எடுத்த சிகிச்சை பற்றி

அதிர்ச்சிச் சம்பவத்துக்குப் பிறகு விடாமல் தொடர்கிற பயத்துக்கு (பிரிஎஸ்டி என்பார்கள்) நான் எடுத்த சிகிச்சையைச் சனம் "நினைவை அழிக்கிற குளிசை" என்று கதைக்கிறது. அது பிழை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மொன்றியலில் ஒரு தனியார் கிளினிக்கில் நான் எடுத்தது உளவியலாளர் அலன் புரூனே மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது உருவாக்கிய முறை, மருந்தின் பெயர் புரொப்ரனலோல். புது மருந்து ஒன்றும் இல்லை. ஜேம்ஸ் பிளாக் 1960களில் நெஞ்சு நோவுக்காக உருவாக்கியது, அவருக்கு 1988இல் நோபல் பரிசும் கிடைத்தது. இன்டெரல் என்ற பெயரில் பிரஷருக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் இதை விழுங்கியவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். மேடையில் கை நடுங்குகிற வயலின்காரர்களும் போடுவார்கள்.

என் விஷயம் சுருக்கமாக: இரவு வேலை செய்த டெப்பனரில் (இங்கே மூலைக்கடையை அப்படித்தான் சொல்வது) ஒருவன் துவக்கோடு வந்து கல்லாவைத் திறக்கச் சொன்னான். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு கடைக்கதவு மணி எங்கே அடித்தாலும் உடம்பு விறைத்துவிடும், நித்திரை கெட்டுப்போனது, பிள்ளைகள் மேல் எரிந்து விழ ஆரம்பித்தேன். நித்திரைக் குளிசை எடுத்தேன், நித்திரை வந்தது, மற்றது எல்லாம் அப்படியே இருந்தது.

சிகிச்சை வாரம் ஒரு தடவை, மொத்தம் ஆறு அமர்வு. போனதும் பிரஷரும் நாடியும் பார்த்துவிட்டுக் குளிசை தருவார்கள், அப்புறம் ஒன்றரை மணி நேரம் வரை சும்மா இருக்க வேண்டும், மருந்து வேலை செய்யத் தொடங்க அந்த நேரம் தேவை. முதல் அமர்வில், அந்தச் சம்பவத்தை ஒரு பக்கத்தில் எழுத வைக்கிறார்கள். "கதவு திறந்தது" என்று இல்லை. "கதவு திறக்கிறது, வாய் காய்கிறது, முழங்கால் ஆடுகிறது" என்று, இந்த நிமிடம் நடக்கிற மாதிரி, உடம்பில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து. நான் தமிழில் எழுதினேன், வந்தவன் கத்தியது மட்டும் பிரெஞ்சில். சிகிச்சையாளருக்கு ஆங்கிலத்தில் ஒருதரம் விளங்கப்படுத்தினேன், அவருக்கு அது போதுமாக இருந்தது. பிறகு சத்தமாக வாசிக்க வேண்டும். அடுத்த வாரமும் அதே தாள்தான். ஆறுதல் வார்த்தை, சின்ன வயதில் என்ன நடந்தது என்ற விசாரணை, ஒன்றும் கிடையாது. மனம் விட்டுக் கதைக்க ஆள் தேடுகிறவர்களுக்கு இது வறட்சியாக இருக்கும், எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

முதல் வாசிப்பு விசித்திரமானது. தலைக்குள் பதற்றம், கண்ணீர் வேறு, நெஞ்சு மட்டும் ஒன்றுமே நடக்காதது போல மெதுவாக அடித்துக்கொண்டிருந்தது. பாதி அமர்வுகள் தாண்டியபோது ஒரு நாள் வாசிக்கையில் எழுத்துப்பிழை ஒன்று கண்ணில் பட்டது, பேனை கேட்டு வாங்கித் திருத்தினேன். சிகிச்சையாளர் உடனே அதைக் குறித்துக்கொண்டார். நினைவு எங்கேயும் போகவில்லை, அவன் போட்டிருந்த ஜக்கற்றின் நிறம், துவக்கு எந்தக் கையில் இருந்தது, எல்லாம் பொலிசுக்குச் சொன்ன மாதிரியே இன்றைக்கும் சொல்வேன். மணி அடித்தால் திரும்பிப் பார்க்கிறேன், விறைப்பதில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? 2000ஆம் ஆண்டு நியூயோர்க்கில் மூளை ஆய்வாளர்கள் கரீம் நாடரும் ஜோசப் லெடூவும் எலிகளில் காட்டியது என்னவென்றால், பதிந்து உறைந்துபோன பய நினைவும் திரும்ப எடுக்கும்போது குழைத்த சீமெந்து போலச் சில மணி நேரம் இளகி, மறுபடி இறுகுகிறது என்பது. அந்த இடைவெளியில் இந்தக் குளிசையால் மூளையில் நோரட்ரினலின் என்ற பதற்ற இரசாயனத்தின் வேலையைத் தடுத்தால் சம்பவம் தங்கும், அதோடு ஒட்டியிருக்கும் பயம் பழைய பலத்தோடு திரும்பப் பதியாது என்பதுதான் கணக்கு. ஆகவே வாசிக்காமல் குளிசையை மட்டும் போட்டுப் பலனில்லை. வீட்டில் அப்பாவின் மருந்துப் பெட்டியைத் திறக்க யோசிக்கிறவர்கள் தயவுசெய்து வேண்டாம். ஆஸ்துமாக்காரருக்கு இது ஆபத்து, நாடி ஏற்கனவே மெதுவாக அடிக்கிறவர்களுக்கும் கூடாது, இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சீனி இறங்குகிற அறிகுறியையே மறைத்துவிடும்.

சரி, ஆதாரம் எவ்வளவு பலம்? புரூனேயின் குழு 60 பேரை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மருந்து எடுத்தவர்கள் தெளிவாகத் தேறினார்கள். 2015 நவம்பர் 13 தாக்குதலுக்குப் பிறகு பாரிஸ் அரசு ஆஸ்பத்திரிகளும் இதே முறையைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டன. ஆனால் பிரான்சிலேயே நடந்து 2021இல் வந்த இன்னொரு ஆய்வில் மருந்து எடுத்தவர்களும் வெற்று மாத்திரை எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறினார்கள், அதாவது வாசிப்பே பெரும்பகுதி வேலையைச் செய்திருக்கலாம். சம்பவம் நடந்த கையோடு குளிசை கொடுத்தால் பிரிஎஸ்டியே வராது என்று பொஸ்ரனில் ரோஜர் பிட்மன் 2002இல் காட்டிய நம்பிக்கையும் பிறகு வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை. என்னைக் கேட்டால், எனக்கு வேலை செய்தது குளிசையா தாளா என்று பிரித்துப் பார்க்கிற அவசரம் எனக்கு இல்லை, ஆனால் "ஆறு வாரத்தில் நிச்சயம் சுகம்" என்று விற்கிறவர்களிடம் காசு கொடுக்காதீர்கள்.

காசு என்றதும்: மருந்து மலிவு, அமர்வுதான் விலை. கியூபெக்கில் வேலை நேரத்தில் நடந்ததென்றால் வேலையிடப் பாதிப்புகளைப் பார்க்கிற சிஎன்இஎஸ்எஸ்ரியிடம் கேளுங்கள், மற்றக் குற்றச் சம்பவங்களுக்கு, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிற ஐவாக் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது சிகிச்சைக்காக இல்லை. குளிசை போட்டுவிட்டுக் காத்திருக்கிற அறையில், அங்கே வருகிறவர்கள் யார் என்று தெரிந்தும், நாள் முழுக்க டிவியில் செய்திச் சனல் ஓடுகிறது, ஒருநாள் கடைக் கொள்ளை பற்றிய செய்தியே வந்தது. நிறுத்தச் சொன்னேன், சத்தத்தை மட்டும் குறைத்தார்கள்.